லேப்டாப்புக்கு மாற்று ஹார்ட் டிஸ்க்: வாங்குமுன் வணிகர் அறிய வேண்டியவை

தராசு பழுதானால் வேறொன்று வாங்கி வைத்து அன்றே வியாபாரத்தைத் தொடரலாம். கல்லாப்பெட்டியின் பூட்டு கெட்டால் பூட்டை மாற்றலாம். கணக்குப் பேரேடு தொலைந்தால் அதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. இன்று நம்மில் பெரும்பாலோரின் பேரேடு, லேப்டாப்பிற்குள் உள்ளங்கை அகலமே உள்ள ஒரு டிஸ்க்கில் இருக்கிறது. அந்த டிஸ்க் என்றாவது ஒரு நாள் பழுதாகத்தான் செய்யும். அப்போது என்ன வாங்குவது, எதைப் பார்த்து வாங்குவது, மாற்றும் நாளில் எதைக் கவனிப்பது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இது கம்ப்யூட்டர் நிபுணர்களுக்காக எழுதியதல்ல. கல்லாவில் அமர்ந்து பில் போடும் வணிகருக்காக எழுதியது.

எங்கள் கடையில் கற்ற பாடம்

எங்களுடையது மளிகை மொத்த வியாபாரம். சுற்று வட்டாரச் சிறு கடைகளுக்குக் கடனுக்குச் சரக்குக் கொடுத்து, வாரந்தோறும் வசூல் செய்வது வழக்கம். ஒரு சமயம் கடை லேப்டாப் சில வாரங்களாக மெதுவாக ஓடியது. உள்ளிருந்து 'டிக், டிக்' என்று சத்தமும் வந்தது. மாதக் கடைசி வேலைகளைக் காரணம் காட்டி நான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். ஒரு நாள் காலை திரை கறுப்பாகவே நின்றுவிட்டது. பழுது பார்க்க வந்த தம்பியிடம், "எப்படியாவது ஓட வையப்பா" என்று நான் நச்சரித்ததால் அவரும் பத்துப் பதினைந்து முறை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தார். டிஸ்க்கில் மிச்சமிருந்த உயிரும் அதில் போயிற்று.

மாற்று டிஸ்க் ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டது. கணக்கு வரவில்லை. பென் டிரைவில் எடுத்து வைத்திருந்த நகல் நான்கு மாதப் பழையது.

'ஜி.எஸ்.டி. இணையதளத்தில் எல்லாம் இருக்கிறதே' என்று சிலர் ஆறுதல் கூறினார்கள். பதிவு பெற்ற வியாபாரிகளுக்குப் போட்ட பில்கள் அங்கே ஒவ்வொன்றாக இருந்தன. நாம் வாங்கிய சரக்கின் பில்களும் இருந்தன. ஆனால் பதிவு பெறாத சிறு கடைகளுக்கு விற்றது மொத்தத் தொகையாகத்தான் அங்கே இருக்கும். அதைவிட முக்கியமானது, யார் எந்தத் தேதியில் எவ்வளவு பணம் கட்டினார் என்பது அரசு இணையதளத்தில் எங்குமே இராது. அதாவது விற்பனை திரும்பக் கிடைத்தது, வசூல் கிடைக்கவில்லை. வசூல் தெரியாவிட்டால் பாக்கி எப்படித் தெரியும்?

வசூலுக்குப் போகிற பையன் வைத்திருந்த சிட்டையையும் வங்கிக் கணக்கையும் வைத்துக்கொண்டு இரண்டு மாதம் உட்கார்ந்து எழுதினோம். தெரியாத இடங்களில் கடைக்காரர் சொன்ன தொகையையே பாக்கியாக எழுதிக்கொண்டோம். பெரும்பாலோர் நேர்மையாகச் சொன்னார்கள். இரண்டு மூன்று பேரிடம் இன்னும் மனத்தாங்கல் உண்டு. டிஸ்க்கின் விலை சிறிது, அதிலுள்ள கணக்கின் விலை பெரிது என்பதை இப்படித்தான் கற்றுக்கொண்டேன். இக்கட்டுரையில் வரும் ஒவ்வொரு யோசனையும் அந்த ஒரு பாடத்திலிருந்து பிறந்ததே.

டிஸ்க் என்பது என்ன?

முதல் ஹார்ட் டிஸ்க்கை ஐ.பி.எம். நிறுவனம் 1956-ல் வெளியிட்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் சேர்ந்த பெரிய அலமாரி அது. அதில் 50 லட்சம் எழுத்துகள் கொள்ளும். அந்த இயந்திரத்துக்கு 'ராமாக்' என்று பெயர். கணக்கு வைப்பதற்கும் கட்டுப்பாட்டுக்கும் என்பது அப்பெயரின் விரிவிலேயே வருகிறது. ஹார்ட் டிஸ்க் பிறந்ததே வியாபாரக் கணக்குக்காகத்தான் என்பது நமக்குப் பொருத்தமான செய்தி.

இன்று கடைகளில் ஹார்ட் டிஸ்க் என்ற பெயரில் இரண்டு வகைகள் விற்கின்றன.

முதல் வகை சுழலும் தட்டு உள்ளது. லேப்டாப் டிஸ்க்கில் தட்டு நிமிடத்திற்கு 5400 முறை, அதாவது விநாடிக்கு 90 முறை சுழலும். படிக்கும் முனை தட்டைத் தொடாமல், கண்ணுக்குத் தெரியாத இடைவெளியில் மிதந்தபடி படிக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது மேசையிலிருந்து விழுந்தால் முனை தட்டில் உரசிக் காயம் உண்டாகும்.

இரண்டாம் வகை எஸ்.எஸ்.டி. இதில் சுழலும் பாகமே கிடையாது. பென் டிரைவில் உள்ளது போன்ற மின்னணுச் சில்லுகளிலேயே எல்லாம் பதிவாகும். சத்தம் இல்லை, அதிர்ச்சியைத் தாங்கும், மின்சாரம் குறைவாகச் செலவாகும்.

பழுது டிஸ்க்கில்தானா?

லேப்டாப் மெதுவாக ஓடினால் உடனே டிஸ்க் கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். நினைவகம், அதாவது ராம் குறைவாக இருந்தாலும் மெதுவாகும். டிஸ்க் பழுதுக்கு அடையாளங்கள் இவை:

1. ஒரே சீரான 'டிக், டிக்' சத்தம் அல்லது உரசும் சத்தம்.
2. குறிப்பிட்ட சில ஃபைல்களைத் திறக்கும்போது மட்டும் நெடுநேரம் உறைந்து நிற்பது.
3. ஃபைல் சிதைந்துவிட்டது என்ற அறிவிப்பு அடிக்கடி வருவது.
4. ஆன் செய்யும்போது டிஸ்க்கே இல்லை என்ற செய்தி சில சமயம் வந்து, மறுமுறை சரியாக இயங்குவது.

ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்கிறது. இதற்கு ஸ்மார்ட் என்று பெயர். 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருள் அந்தக் குறிப்பைப் படித்துக் காட்டும். நீல நிறம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் ஆபத்து. கெட்டுப்போய் ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போனால் டிஸ்க்கை மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

மேற்கண்ட அடையாளங்களில் ஒன்று தென்பட்டாலும் முதல் வேலை கணக்கை வேறோர் இடத்தில் நகல் எடுப்பதுதான். மற்ற பரிசோதனைகள் எல்லாம் அதன் பிறகே. சத்தம் வருகிற டிஸ்க்கைத் திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்ப்பது, நான் செய்த தவறு. அதில் நகல் எடுக்காத கணக்கு இருந்தால் அணைத்து வைத்துவிட்டு, தகவல் மீட்பதையே தொழிலாகச் செய்பவரிடம் கொடுக்க வேண்டும்.

எந்த வடிவம் பொருந்தும்?

கடையில் போய் "லேப்டாப் ஹார்ட் டிஸ்க் ஒன்று கொடுங்கள்" என்று கேட்டால் போதாது. நட்டுக்கு ஏற்ற போல்ட் வாங்குவது போல லேப்டாப்புக்கு ஏற்ற வடிவத்தையே வாங்க வேண்டும்.

2.5 அங்குல வகை: ஏறத்தாழ 70 மில்லிமீட்டர் அகலமும் 100 மில்லிமீட்டர் நீளமும் உள்ளது. உயரத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை. லேப்டாப்பின் பள்ளம் 9.5 மி.மீ. அல்லது 7 மி.மீ. உயரமாக இருக்கும். 7 மி.மீ. டிஸ்க்கைச் சிறு பிளாஸ்டிக் சட்டம் வைத்து 9.5 மி.மீ. பள்ளத்தில் பொருத்தலாம். 9.5-ஐ 7-ல் நுழைக்க முடியாது. 3, 4, 5 டி.பி. கொள்ளளவுள்ள 2.5 அங்குலத் தட்டு டிஸ்க்குகள் 15 மி.மீ. தடிமன் உள்ளவை. அவை வெளியே வைத்துப் பயன்படுத்தவே ஏற்றவை.

இணைப்பு: இன்று புழக்கத்தில் உள்ள 2.5 அங்குல டிஸ்க் சாட்டா இணைப்பு கொண்டது. 2005-ஐ ஒட்டிய காலத்திலும் அதற்கு முன்பும் வந்த பழைய லேப்டாப்களில் 44 ஊசிகள் உள்ள ஐ.டி.இ. இணைப்பு இருக்கும். இவை ஒன்றுக்கொன்று பொருந்தா.

எம்.2 வகை: சூயிங்கம் பட்டை போன்ற மெல்லிய பலகை. 22 மி.மீ. அகலம். நீளம் 30, 42, 80 மி.மீ. என்று வேறுபடும். 2230, 2242, 2280 என்று அட்டையில் அச்சிட்டிருப்பது இந்த அகலமும் நீளமும் சேர்ந்த எண்தான். பெரும்பாலான லேப்டாப்களில் 2280 பொருந்தும். சிறிய லேப்டாப்களில் 2230 அல்லது 2242 இருக்கலாம்.

எம்.2-வில் ஒரு பொறி இருக்கிறது. பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் இதில் சாட்டா, என்.வி.எம்.இ. என்று இரு இனங்கள் உண்டு. சாட்டா மட்டும் ஏற்கும் லேப்டாப்பில் என்.வி.எம்.இ. வேலை செய்யாது. பெரும்பாலும் சாட்டா பலகையின் முனையில் இரண்டு வெட்டுகளும், என்.வி.எம்.இ. பலகையில் ஒரு வெட்டும் இருக்கும். இதை மட்டும் நம்பாமல் லேப்டாப் மாடல் எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்வது நல்லது.

சில மெல்லிய லேப்டாப்களில் சேமிப்புச் சில்லுகள் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் டிஸ்க் மாற்ற வழியில்லை. புதிய லேப்டாப் வாங்கும்போதே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும்.

இவ்வளவும் நினைவில் வைக்க இயலாது என்பவர்களுக்கு எளிய வழி ஒன்றே: பழைய டிஸ்க்கைக் கழற்றி, அதன் லேபிளைப் படம் எடுத்து, டிஸ்க்கையும் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். மாதிரி இல்லாமல் கொள்முதலுக்குப் போகக் கூடாது என்பது நமக்குத் தெரிந்த விதிதானே?

தட்டா, எஸ்.எஸ்.டி.யா?

கடைக் கணக்குக்கான லேப்டாப்பில் உள்ளே பொருத்த எஸ்.எஸ்.டி.யே சிறந்தது. கல்லா மேசையில் இருக்கும் லேப்டாப் குடோனுக்கும் வீட்டிற்கும் எடுத்துச் செல்லப்படுகிறது. மூட்டை இறக்கும் அதிர்வும் உண்டு. இவை எஸ்.எஸ்.டி.யைப் பாதிப்பதில்லை.

வேகத்திலும் வேறுபாடு பெரிது. தட்டு டிஸ்க் விநாடிக்கு ஏறத்தாழ 100 எம்.பி. படிக்கும். சாட்டா எஸ்.எஸ்.டி. 550 எம்.பி. வரை படிக்கும். என்.வி.எம்.இ.யில் நடுத்தர வகையே 3500 எம்.பி.யைத் தொடும். ஆனால் பெரிய எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். பில் போடும்போது லேப்டாப் படிப்பது அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் சிறு சிறு தகவல்கள். தட்டு டிஸ்க்கில் முனை ஒவ்வோர் இடமாக ஓடித் தேட வேண்டியிருப்பதால்தான் தாமதம். தட்டிலிருந்து சாட்டா எஸ்.எஸ்.டி.க்கு மாறினால் பழைய லேப்டாப்புக்குப் புத்துயிர் வந்தது போல இருக்கும். சாட்டாவிலிருந்து என்.வி.எம்.இ.க்கு மாறினால் பில்லிங் வேலையில் அவ்வளவு வித்தியாசம் தெரியாது. ஆகவே லேப்டாப் எதை ஏற்கிறதோ அதை வாங்குவதே போதும்.

எஸ்.எஸ்.டி.யின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். தட்டு டிஸ்க் பல சமயம் சத்தம் கொடுத்து எச்சரித்துவிட்டுப் பழுதாகும். எஸ்.எஸ்.டி. நேற்று வரை நன்றாக இருந்து இன்று காலை வாய்பேசாமல் நின்றுவிடக்கூடும். அதிலிருந்து தகவலை மீட்பதும் கடினம். எஸ்.எஸ்.டி. போட்டவருக்கு நகல் எடுக்கும் பழக்கம் முன்னிலும் கட்டாயம். மேலும், தேய்ந்த எஸ்.எஸ்.டி.யை மின்சாரமே கொடுக்காமல் நெடுங்காலம் பீரோவில் வைத்தால் பதிவு மங்கிப் போகலாம். எனவே பழைய ஆண்டுக் கணக்கை எடுத்து வைக்க, வெளியே இணைக்கும் தட்டு டிஸ்க்கே விலை குறைவானதும் பொருத்தமானதும் ஆகும். உள்ளே எஸ்.எஸ்.டி., வெளியே தட்டு என்பதே கடைக்கு ஏற்ற ஜோடி.

எவ்வளவு கொள்ளளவு?

'பெரிதாக வாங்கினால் நல்லது' என்று விற்பவர் சொல்வார். நமது தேவையை நாமே கணக்கிடலாம். விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 64 ஜி.பி. இடம் வேண்டும் என்று அதன் தயாரிப்பாளரே சொல்கிறார். ஒரு நடுத்தரக் கடையின் பல ஆண்டுக் கணக்குகளும் சேர்ந்து சில ஜி.பி.க்குள் அடங்கிவிடும். பில் படங்கள், வாட்ஸ்அப்பில் வரும் படங்கள், ரிட்டர்ன் நகல்கள் ஆகியவையே இடத்தைப் பிடிப்பவை. கணக்குக்கு மட்டும் என்றால் 256 ஜி.பி. போதும். படங்களும் சேருமானால் 512 ஜி.பி. தாராளம். ஐந்தில் ஒரு பங்கு இடத்தை எப்போதும் காலியாக வைத்திருங்கள். நிரம்பி வழியும் எஸ்.எஸ்.டி. வேகம் குறையும்.

1 டி.பி. டிஸ்க் வாங்கி வந்து பார்த்தால் 931 ஜி.பி. என்றுதான் காட்டும். ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம். முன்பு ஊருக்கு ஊர் படி அளவு மாறியது போன்ற விஷயம் இது. டிஸ்க் செய்பவர் ஆயிரம் ஆயிரமாக அளக்கிறார், விண்டோஸ் 1024, 1024 ஆக அளக்கிறது. சரக்கு ஒன்றே, படிதான் வேறு. இதே கணக்கில் 512 ஜி.பி. என்பது 476 ஆகவும், 256 ஜி.பி. என்பது 238 ஆகவும் தெரியும்.

தரத்தை எப்படி அறிவது?

உத்தரவாதக் காலம்: 3 ஆண்டு, 5 ஆண்டு என்று இருக்கும். சிறிது விலை கூடினாலும் 5 ஆண்டு உள்ளதை எடுப்பது நலம். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். உத்தரவாதம் டிஸ்க்குக்குத்தான், அதிலுள்ள கணக்குக்கு அல்ல. பழுதான டிஸ்க்கை அனுப்பினால் வெற்று டிஸ்க்தான் திரும்பி வரும்.

எழுதும் ஆயுள்: எஸ்.எஸ்.டி.யில் மொத்தம் எவ்வளவு எழுதலாம் என்பதை டி.பி.டபிள்யூ. என்று குறித்திருப்பார்கள். 250 ஜி.பி. அளவில் 150 டி.பி. என்ற எண்ணைப் பார்க்கலாம். கடை லேப்டாப் நாளொன்றுக்கு 20 ஜி.பி. எழுதுவதாகவே வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 7.3 டி.பி. ஆகிறது. 150 டி.பி. தீர 20 ஆண்டுகள் ஆகும். எனவே எழுதித் தேய்ந்துவிடுமோ என்ற அச்சம் நமக்குத் தேவையில்லை.

சில்லு வகை: ஒரு சிற்றறையில் மூன்று பிட் பதிவது டி.எல்.சி., நான்கு பிட் பதிவது க்யூ.எல்.சி. விலை வித்தியாசம் சிறிதானால் டி.எல்.சி. எடுக்கவும்.

தயாரிப்பாளர்: தட்டு டிஸ்க் செய்பவர்கள் உலகிலேயே இன்று சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா என மூவர்தான். எஸ்.எஸ்.டி.யில் அப்படியல்ல. சில்லுகளை வாங்கிப் பெயர் ஒட்டி விற்பவர்கள் ஏராளம். கேள்விப்படாத பெயரானால், பழுதானால் யாரிடம் கொடுப்பது என்பதை வாங்குமுன்பே கேட்டுவிடுங்கள்.

கொள்முதலில் கவனிக்க வேண்டியவை

டிஸ்க் விலை நிலையானதல்ல. 2011-ல் தாய்லாந்தில் பெருவெள்ளம் வந்து தொழிற்சாலைகள் மூழ்கியபோது உலகெங்கும் ஹார்ட் டிஸ்க் தட்டுப்பாடு ஏற்பட்டு விலை ஏறியது. சில்லு விலையும் அவ்வாறே ஏறி இறங்கும். சென்னை ரிச்சி தெருவானாலும் உள்ளூர்க் கடையானாலும் இரண்டு மூன்று இடங்களில் அன்றைய விலையைக் கேட்டே வாங்க வேண்டும்.

சந்தை விலைக்கு மிகவும் குறைவாக யாராவது கொடுத்தால் அங்கே எச்சரிக்கை வேண்டும். 16 டி.பி. என்று அச்சிட்ட பெட்டிக்குள் சிறிய மெமரி கார்டை வைத்து விற்கும் மோசடி உண்டு. பெரிய கொள்ளளவு என்று கணினிக்குப் பொய் சொல்லும்படி அதை மாற்றியிருப்பார்கள். நிரம்பியதும் பழைய பதிவின் மேலேயே எழுதிவிடும். டிஸ்க் முழுவதையும் நிரப்பிப் படித்துப் பார்க்கும் 'எச்2டெஸ்ட்டபிள்யூ' என்ற இலவச மென்பொருள் இதைக் கண்டுபிடித்துவிடும். அதற்குச் சில மணி நேரம் ஆகும். கணக்கை ஏற்றுமுன் இச்சோதனையைச் செய்ய வேண்டும்.

பழையதைப் புதிது என்று விற்பதும் உண்டு. எத்தனை மணி நேரம் ஓடியது என்ற குறிப்பு ஸ்மார்ட்டில் இருக்கும். புதிய டிஸ்க்கில் அது பூஜ்யமாகவோ, ஒன்றிரண்டாகவோ இருக்க வேண்டும். சர்வர்களில் ஓடிய டிஸ்க்குகளில் இந்த எண்ணையே அழித்துப் புதிதென விற்றது 2025-ல் ஜெர்மனியில் வெளிச்சத்துக்கு வந்தது. எனவே சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் இட்டு உத்தரவாதம் எப்போது முடிகிறது என்றும் பார்த்துக்கொள்ளவும்.

பில் இல்லாமல் வாங்கினால் விலை குறையும் என்ற பேச்சுக்கு இடம் கொடுக்க வேண்டாம். டிஸ்க்குக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். நமது ஜி.எஸ்.டி. எண் போட்ட பில் இருந்தால் அதை உள்ளீட்டு வரிப் பயனாக எடுக்கலாம். தொகுப்புத் திட்டத்தில் உள்ளவர்களுக்கு இப்பயன் இல்லை. ஆயினும் உத்தரவாதத்துக்குப் பில் அவர்களுக்கும் தேவை. பில்லில் சீரியல் எண்ணை எழுதி வாங்க மறக்கக் கூடாது.

மாற்றுவதற்கு முந்தின நாள்

1. கணக்கு மென்பொருளில் நகல் எடுங்கள். டேலி பிரைமில் ஆல்ட், ஒய் விசைகளை அழுத்தினால் பேக்கப் வரும். நகலை அந்த லேப்டாப்பிலேயே வைத்தால் பயனில்லை. வெளி டிஸ்க்கில் வையுங்கள்.
2. ட்ரையல் பேலன்ஸ், பாக்கிப் பட்டியல், சரக்கு இருப்பு மூன்றையும் காகிதத்தில் அச்சிட்டு வையுங்கள்.
3. டேலி உரிமத்தைப் பழைய விண்டோஸிலிருந்து சரண்டர் செய்துவிடுங்கள். புதிய டிஸ்க்கில் மறுபடி இயக்கும்போது தொல்லை இராது.
4. விண்டோஸில் பிட்லாக்கர் பூட்டு உள்ளதா என்று பாருங்கள். இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியைத் தனியே எழுதி வையுங்கள். அது இல்லாவிட்டால் உங்கள் டிஸ்க்கை நீங்களே திறக்க முடியாமல் போகும்.
5. பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள், பிரிண்டர் டிரைவர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கான மென்பொருள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கையெழுத்து டோக்கனில்தான் இருக்கிறது, அது போகாது. டிரைவரை மட்டும் மறுபடி நிறுவ வேண்டும்.

மாற்றும் நாள்

பழைய டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால், யு.எஸ்.பி. கேபிள் வழியாகப் புதிய டிஸ்க்கை இணைத்து அப்படியே நகலாக்கலாம். குளோனிங் என்பது இதுவே. நடுவில் மின்சாரம் போகாதபடி லேப்டாப் பேட்டரி தாங்குமா என்று பார்த்துக்கொள்ளவும். பழைய டிஸ்க் பழுதுபட்டிருந்தால் குளோனிங் வேண்டாம். விண்டோஸைப் புதிதாக நிறுவி, கணக்கை மட்டும் நகலிலிருந்து ஏற்றுவதே நல்லது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் பிராசஸரானால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். லேப்டாப் அதைவிடப் பழையதானால், அதற்குப் புதிய டிஸ்க் வாங்கும் செலவு தேவைதானா என்று ஒரு முறை யோசிக்கவும்.

டிஸ்க்கைத் தொடுமுன் லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி இணைப்பையும் கழற்ற வேண்டும். திருகுகளை ஒரு கிண்ணத்தில் போட்டு வையுங்கள்.

எல்லாம் முடிந்தபின் முந்தின நாள் அச்சிட்ட காகிதங்களை எடுத்துத் திரையோடு ஒப்பிடுங்கள். ட்ரையல் பேலன்ஸ், பாக்கி, இருப்பு மூன்றும் பைசா பிசகாமல் ஒத்துப்போனால்தான் வேலை முடிந்தது. அதுவரை பழுது பார்ப்பவரை அனுப்ப வேண்டாம்.

பழைய டிஸ்க்கை என்ன செய்வது?

உடனே கொடுத்துவிட வேண்டாம். புதியது ஒரு மாதம் ஒழுங்காக ஓடும் வரை பழையது பீரோவில் இருக்கட்டும். அதில் நம் வாடிக்கையாளர் பெயர்களும் கொள்முதல் விலைகளும் வங்கி விவரங்களும் உள்ளன. ஃபைல்களை அழிப்பதால் மட்டும் அவை போய்விடுவதில்லை. தட்டு டிஸ்க்கானால் முழுவதும் மேலெழுதும் மென்பொருளைப் பயன்படுத்தவும். எஸ்.எஸ்.டி. ஆனால் தயாரிப்பாளர் தரும் முழு அழிப்பு வசதியைப் பயன்படுத்தவும். அதன் பிறகே பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுக்க வேண்டும். எடைக்குப் போடுவது சரியல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி, வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். 2023-24-ஆம் ஆண்டுக்கான கடைசித் தேதி 2024 டிசம்பர் 31. அக்கணக்கு 2030 டிசம்பர் 31 வரை நம்மிடம் இருந்தாக வேண்டும். வழக்கோ மேல்முறையீடோ இருந்தால் இன்னும் கூடுதல் காலம் ஆகலாம். கம்ப்யூட்டரில் கணக்கு வைப்போர், விபத்தில் அழிந்தாலும் மீட்கும்படி நகல் வைத்திருக்க வேண்டும் என்பதும் விதியில் உள்ளது. 'டிஸ்க் போய்விட்டது ஐயா' என்ற பதில் அதிகாரியிடம் எடுபடாது.

ஆகவே கணக்கு மூன்று பிரதிகளாக இருக்கட்டும். ஒன்று லேப்டாப்பில், ஒன்று வெளி டிஸ்க்கில், ஒன்று கடைக்கு வெளியே வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ. வெளி டிஸ்க்கை எப்போதும் லேப்டாப்பிலேயே செருகி வைக்க வேண்டாம். வைரஸ் வந்தால் இரண்டும் ஒன்றாகப் போகும். இரவு கல்லா எண்ணி முடித்ததும் நகல் எடுத்து, டிஸ்க்கைக் கழற்றி, பணத்தோடு சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். எங்கள் கடையில் இப்போது அதுதான் வழக்கம். ஐந்து நிமிட வேலை.

சுருக்கமாக, வெட்டி எடுத்துக் கல்லாவில் ஒட்டி வைக்க:

1. அடையாளம் தெரிந்தவுடன் முதலில் நகல், பிறகுதான் பரிசோதனை.
2. வடிவம், உயரம், இணைப்பு மூன்றும் பார்த்து, மாதிரி கையோடு கொள்முதல்.
3. உள்ளே எஸ்.எஸ்.டி., வெளியே தட்டு டிஸ்க்.
4. கணக்குக்கு 256 ஜி.பி., படங்களும் இருந்தால் 512 ஜி.பி.
5. சீரியல் எண், ஜி.எஸ்.டி. எண் இரண்டும் உள்ள பில்.
6. ட்ரையல் பேலன்ஸ் ஒத்துப்போன பிறகே கூலி.
7. பழைய டிஸ்க்கை அழித்த பிறகே கொடுப்பது.
8. இரவுதோறும் நகல்.

புதிய டிஸ்க் எவ்வளவு நல்லதானாலும் அதுவும் ஒரு நாள் பழுதாகும். அன்று நம் கையில் நேற்றைய நகல் இருந்தால் அது ஒரு சிறு செலவு. இல்லாவிட்டால் பெரு நஷ்டம். இதைப் படிக்கும் வணிக நண்பர்கள் இன்றிரவு கடை கட்டுமுன் ஒரு நகல் எடுத்துவிட்டால் இக்கட்டுரை எழுதியதன் பயன் கிடைத்துவிடும்.